நாயனக்காரருக்கும் ஒரு சான்றுத் தாள் வேண்டும்: இரு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த நாகஸ்வரக் கலைஞன்; ஊர்வழக்கில் நாயனக்காரன். என் பாட்டனாரும் தகப்பனாரும் வாசித்த கோயிலிலேயே நானும் வாசித்து வருகிறேன். கோயில் திருவிழாக்களுக்காக இரண்டு முறை வெளிநாடு சென்று வாசித்துவிட்டு, ஒப்புக்கொண்ட நாளில் ஊர் திரும்பியிருக்கிறேன். எங்களைப் போன்ற கலைஞர்கள் வெளிநாட்டில் வாசிப்பதற்கான வேலை விசாவைப் பெறுவதில் படும் பாட்டையும், அதில் உங்கள் இரு துறைகளால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் உதவியையும் உங்கள் முன் வைப்பதற்காகவே இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்களை அழைப்பவர்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும், நியூயார்க் பிளஷிங் பிள்ளையார் கோயிலும் 1970களில் குடமுழுக்குக் கண்டவை. இலண்டன் ஹைகேட் முருகன் கோயில் 1986இல் எழுந்தது. ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. பாரிசில் மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் வீதி உலா வருகிறது. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரி வரை முறை தவறாமல் திருவிழா நடத்த விரும்பும் இத்தகைய கோயில்களுக்கு மேளம் வேண்டும். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒலிநாடாவைப் போட்டுவிட்டுத் தேரிழுக்க மனம் ஒப்பாத பெரியவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்பதாலேயே எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது. அழைப்பு வந்த பிறகுதான் கவலை தொடங்குகிறது.

அந்த நாடுகளின் சட்டத்தை நான் குறை கூற வரவில்லை. சொல்லப்போனால் எங்களை மனத்தில் வைத்தே எழுதியதுபோல ஒரு பிரிவு அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. பி-3 என்று பெயர். ஒரு பண்பாட்டுக்கே உரிய தனித்தன்மை வாய்ந்த கலையை நிகழ்த்தவோ கற்பிக்கவோ வருகிறவர்களுக்கானது. கலைஞர் தாமே அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அழைக்கும் அமைப்போ அங்குள்ள முகவரோ ஐ-129 என்னும் படிவத்தில் முதலில் மனுச் செய்ய வேண்டும். அந்தத் துறையைச் சார்ந்த அந்நாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஒன்றின் கருத்துரையை இணைக்க வேண்டும். மனு ஏற்கப்பட்ட பிறகே கலைஞர் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக முடியும். நிகழ்ச்சிக்குத் தேவையான காலத்துக்கு, அதிகபட்சம் ஓராண்டு வரை, முதல் அனுமதி கிடைக்கும். பிரிட்டனில் ‘கிரியேட்டிவ் ஒர்க்கர்’ விசா என்று ஒன்று உண்டு. உரிமம் பெற்ற அமைப்பு ஒன்று சான்று வழங்கினால் பன்னிரண்டு மாதம் வரை தங்கிப் பணி செய்யலாம். அழைப்பவர் செலவை ஏற்பதாக உறுதி கூறாவிட்டால், 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்ததாகவும் காட்ட வேண்டும்.

வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியின் ஒவ்வொரு படியிலும் காகிதம் கேட்கிறார்கள். பி-3 மனுவுக்கு ஒன்று, கலையை நன்கறிந்த வல்லுநர்கள் “இவர் வாசிப்பது உண்மையான மரபு, இவருக்கு அதில் தேர்ச்சி உண்டு” என்று காரணம் காட்டி எழுதித்தரும் மடல்கள் வேண்டும். அல்லது அந்த நிகழ்ச்சியின் பண்பாட்டுத் தனித்தன்மையைக் காட்டும் இதழ் விமரிசனங்களும் கட்டுரைகளும் வேண்டும். கோயில் மேளத்துக்கு யார் விமரிசனம் எழுதுகிறார்கள்? சென்னையில் மார்கழிக் கச்சேரி செய்யும் பாடகருக்கு மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வந்துவிடும். திருவிழாவில் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, நான்கு வீதியும் சுற்றி, விடியற்காலையில் சுவாமி கோயிலுக்குள் நுழையும்வரை ராகம் வாசித்தவரைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி வராது. கேட்டவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். எழுதியவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தகப்பனார் காலத்திலிருந்து சேர்த்த திருவிழாப் பத்திரிகைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் அதற்குள் அடுக்கியிருக்கின்றன. மஞ்சள் தாள், ரோஜா நிறத் தாள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது, மடித்த இடத்தில் கிழிந்து உள்ளே நூல் தெரிவது என்று எத்தனையோ. ஒவ்வொன்றிலும் “மங்கள இசை” என்ற வரிக்குக் கீழே எங்கள் பெயர் உண்டு. நாங்கள் வாசித்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று இந்தப் பெட்டிதான். ஆயினும் இந்தப் பத்திரிகைகள் தமிழில் இருக்கின்றன. அமெரிக்க மனுவில் வேற்றுமொழித் தாள் எதைச் சேர்த்தாலும் அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவர் தமக்கு அந்த மொழி தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று ஒப்பமிட்ட உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். அதைச் செய்து முடித்தாலும் பெயர் ஒத்துவராது. டெல்டாவில் எங்களை ஊர்ப்பெயரால்தான் அழைப்பார்கள். திருவாவடுதுறை என்றால் ராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று நாடே அறிந்திருந்த வழக்கம் அது. இன்றும் பத்திரிகையில் ஊர்ப்பெயரும் வீட்டில் கூப்பிடும் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பெயரும், தகப்பனார் பெயரின் விரிவும் இருக்கும். இரண்டும் ஒருவர்தான் என்பதை எங்கள் தெருவில் சிறுபிள்ளையும் சொல்லும். மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கு அவர்கள் இருவர்.

வாத்தியத்தின் பெயரிலும் இதே தொல்லை. நாதஸ்வரம், நாகஸ்வரம், நாதசுரம் என்று நாம் மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது ஐந்தாறு விதமாகிவிடுகிறது. ஒருமுறை எங்கள் தாள்களைச் சரிபார்த்த வெளிநாட்டு வழக்கறிஞர், “இவர் வாசிப்பது ஒரு வாத்தியமா, இரண்டு வாத்தியமா?” என்று கேட்டு எழுதினார். அவர் கேட்டதில் தவறில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த வாத்தியத்துக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு பெயர், ஒரு விளக்கம், ஓர் இடம் எல்லாம் உறுதியாகிவிட்டன. வாத்தியத்துக்குக் கிடைத்தது வாசிப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோளின் சாரம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மேலை நாடொன்றில் உள்ள ஒரு கோயிலின் பத்து நாள் திருவிழாவுக்கு எங்கள் செட்டை அழைத்திருந்தார்கள். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. இரண்டு தவில்காரர்களில் மூத்தவர் என் தாய்மாமா. பதினோரு வயதில் குருகுலத்தில் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கைரேகை எடுக்கும் இடத்திலேயே தடங்கல் வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக விரல்களில் கூடு மாட்டித் தவில் தோலில் அடித்து அடித்து அவர் வலக்கை விரல்கள் காய்த்துப்போயிருந்தன. கண்ணாடியில் கை வைக்கிறார், ரேகை விழவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறார், அப்போதும் விழவில்லை. அங்கிருந்த பெண் பொறுமையாக ஈரத்துணி கொடுத்து, ஒவ்வொரு விரலாகத் தாமே அழுத்திப் பிடித்து, ஒருவழியாகப் பதிவுசெய்தார். மாமா வெளியே வந்து தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நேர்காணலில் அவரிடம், “கடந்த சில ஆண்டுகளாக எங்கே வாசிக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர், “எப்போதும் கோயிலில்தான் இருக்கிறேன்” என்று பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதற்குப் பொருள், பிற கச்சேரிகளைக் காட்டிலும் கோயில் கைங்கரியமே எனக்கு முதன்மை என்பது. மொழிபெயர்ப்பில் அது “இவர் கோயில் ஊழியர், கோயிலிலேயே இருப்பவர்” என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கோயில் ஊழியர் என்றால் மதப்பணியாளருக்கான விசா அல்லவா வேண்டும், கலைஞருக்கான விசாவில் ஏன் வருகிறார் என்ற ஐயம் அதிகாரிக்கு எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்க மாமா கையில் எந்தத் தாளும் இல்லை. “தவிலைக் கொடுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்” என்றாராம். அதற்கு அங்கே வழியில்லை. மற்ற நான்கு பேருக்கும் விசா கிடைத்தது, அவருக்கு மறுத்துவிட்டார்கள்.

ஒற்றைத் தவிலோடு பத்து நாளும் வாசித்தோம். தேரன்று கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி எடுத்தபோது இன்னொரு தவில் நின்றிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மாமாவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அந்த வைகாசியில் வெளிநாட்டுப் பயணம் உறுதி என்று நம்பி மூன்று முகூர்த்தங்களின் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். விசா மறுத்தார்கள் என்ற செய்தி வந்தபோது அந்தக் கல்யாண வீட்டார் வேறு தவிலைப் பேசி முடித்திருந்தார்கள். அந்த மாதம் முழுவதும் தவில் உறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு எந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த மேசையில் மாமாவின் கையில் ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் போதும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கலை பண்பாட்டுத் துறை ஆங்கிலத்தில் ஒரு கலைஞர் சான்றை வழங்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும், கலையுலகில் வழங்கும் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அதில் இருக்க வேண்டும். வாத்தியம் எது, அதன் பிற எழுத்து வடிவங்கள் யாவை, யாரிடம் எத்தனை ஆண்டு குருகுலம் பயின்றார், எந்தக் கோயில்களில் எந்த ஆண்டிலிருந்து வாசிக்கிறார் என்பவை இருக்க வேண்டும். தாளக்காரரும் சுருதிக்காரரும் கச்சேரிக்கு ஏன் இன்றியமையாதவர்கள் என்பதற்கும் இரண்டு வரி தேவை. நாயனத்தோடு வருகிற ஓர் இளைஞன் கையில் ஜாலரா மட்டுமே இருப்பதைப் பார்த்து, இவன் வேறு எதற்கோ வருகிறான் என்று ஐயப்படுவது அயல்நாட்டாருக்கு இயல்பு. அறநிலையத் துறைக் கோயில்களில் வாசிப்பவர்களுக்கு அந்தந்தக் கோயிலின் செயல் அலுவலர் தரும் பணிச் சான்றை இதற்கு அடிப்படையாகக் கொள்ளலாம். மற்றவர்களுக்கு என் வீட்டுத் தகரப் பெட்டியைப் போன்ற பெட்டிகள் இருக்கவே இருக்கின்றன. நேரில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே சான்று கொடுங்கள். அதற்கு எங்களில் யாரும் தயங்க மாட்டோம்.

மாவட்டக் கலை மன்றங்கள் வழியாக நீங்கள் வழங்கும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளைப் பெற்றவர்கள் எங்கள் பகுதியில் பலர் உள்ளனர். அவ்விருது எதற்கு, யாரால், எப்படித் தெரிவுசெய்து வழங்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்க விளக்கம் துறை முத்திரையோடு கிடைத்தால், அலமாரியில் இருக்கும் அந்தச் சான்றிதழே விசா மனுவில் எடையுள்ள ஆவணமாகிவிடும்.

வல்லுநர் மடலுக்கும் நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சையில் 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1986இல் தொடங்கிய தென்னகப் பண்பாட்டு மையமும் அங்கேயே இருக்கிறது. இவற்றில் உள்ள பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற ஆசான்களும் கொண்ட ஒரு குழுவை நீங்கள் அமைத்து, விண்ணப்பித்த கலைஞரின் வாசிப்பைக் கேட்டு, குறித்த நாளுக்குள் மடல் தரும்படி ஏற்பாடு செய்ய முடியும். திருவிழா நாளைப் பஞ்சாங்கம் முடிவு செய்கிறது. கொடியேற்றத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே நாள் வரம்பு எங்களுக்கு உயிர்நாடி. இன்று ஒரு மடலுக்காக அறிமுகம் தேடி, வீடு வீடாக நடந்து, இரண்டு மாதத்தை இழக்கிறோம். அறிமுகமே இல்லாத சிற்றூர்க் கலைஞர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்.

இனி அயலகத் தமிழர் நலத் துறைக்கு. மலேசியாவுக்குக் கோயில் மேளத்துக்கும் சிற்ப வேலைக்கும் செல்வது எங்கள் பகுதியில் பழைய வழக்கம். ஆனால் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் ‘குடியகல்வுச் சரிபார்ப்புத் தேவை’ என்ற வகையில் இருக்கும். அவர்கள் மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ஏழைத் தொழிலாளரைக் காக்க வந்த ஏற்பாடு அது என்பதை அறிவேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரமும் தவிலும் பயில எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலே போதும் என்று வைத்திருக்கிறோம். சிறு வயதில் சாதகம் தொடங்க வேண்டிய வாத்தியம் என்பதால் அந்தத் தளர்வு சரியானதே. அந்தப் பள்ளியில் மூன்றாண்டு பயின்று சான்றிதழ் பெற்றவரும் பத்தாம் வகுப்பு முடிக்காத காரணத்தால் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். இசைப்பள்ளி மாணவர்களைத் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கும் பொறுப்பை நீங்கள் இருவரும் சேர்ந்து ஏற்க வேண்டும். வயது கடந்தவர்களுக்கு, குடிபெயர்வு அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பித்தர ஓர் ஆள் வேண்டும். பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி வரியும் மட்டுமே வாங்கலாம் என்ற விதியைக்கூட எங்களில் பலர் அறிய மாட்டார்கள்.

இதைவிட ஆபத்தான அறியாமை ஒன்று உண்டு. “வேலை விசா என்றால் நாளாகும், சுற்றுலா விசாவில் போய் வாசித்துவிட்டு வந்துவிடலாம்” என்று சொல்லித் தருகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். சம்பளம் பெற்று வாசிக்கப் போகிறவர் விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதினால் அது பொய்யுரை. பிரிட்டனில் அதற்குப் பத்தாண்டுத் தடை வரலாம். அமெரிக்காவில் ஆயுள் முழுவதும் நுழைய முடியாமல் போகலாம். பிரிட்டனில் வருகையாளர் விசாவிலேயே, அந்நாட்டு அமைப்பு ஒன்றின் அழைப்போடு, பயணத்துக்கு முன்பே உறுதிசெய்த நிகழ்ச்சியை, சென்று சேர்ந்த முதல் 30 நாளுக்குள் ஊதியம் பெற்று நடத்த நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் பொய்யான வழி ஊரில் பரவுகிறது.

வருமானச் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்தால் தை, வைகாசி, ஆவணியில் பணம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இராது. அதிலும் பாதி, தாம்பூலத் தட்டில் வைத்துக் கையில் கொடுக்கும் ரொக்கம். பயணத்துக்காக யாரோ திடீரென்று போட்ட பணம்போல அது அதிகாரிக்குத் தோன்றுகிறது. ஊர் திரும்புவார் என்று நம்ப இடமில்லை என்று எழுதிவிடுகிறார். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவைத்தால் அது துணையாக நிற்கும் என்பதை நான் இரண்டாம் பயணத்துக்குப் பிறகே தெரிந்துகொண்டேன். இதை எனக்கு முப்பது வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் ஓரிடத்தில் கேட்டுத் தெளிய, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மாதம் இருமுறையாவது இயங்கும் உதவி மையம் ஒன்றை இரு துறைகளும் சேர்ந்து திறக்க வேண்டும். நாயனக்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. சுவாமிமலையில் வண்டல் மண் பூசி மெழுகு உருக்கிப் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள், கல்தச்சர்கள், மெலட்டூரில் பாகவத மேளம் என்னும் நாட்டிய நாடகம் நடத்துவோர், தேவாரம் ஓதுவார்கள் ஆகியோருக்கும் இதே தாள்தான் தடையாக இருக்கிறது. அரம் பிடித்துத் தேய்ந்த ஸ்தபதியின் விரலிலும் ரேகை எளிதில் விழாது.

மாமா இப்போது வாரத்தில் மூன்று நாள் ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்குத் தவில் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களில் மூத்தவனுக்குப் பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவனைத் தனித்தேர்வராக எழுதவைக்க நானே விண்ணப்பம் வாங்கிவிட்டேன். நீங்கள் ஒரு நாளும் இடமும் குறித்து எழுதினால், அவனையும் மாமாவையும் வாத்தியங்களோடு அழைத்து வருகிறேன். தகரப் பெட்டியையும் கொண்டு வருகிறேன். முதல் சான்றை மாமாவின் பெயருக்கு எழுதித் தாருங்கள்.

இங்ஙனம்,
பணிவுடன்,
காவிரிக் கரையைச் சேர்ந்த ஒரு நாகஸ்வரக் கலைஞன்